ஒன்றும் நடக்காத கிணறு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொல்ல வெட்கமாகிவிடும்.

பிரீனா என் அண்ணன் சுபினின் மனைவி, எனக்கு மைனி. பிள்ளைப்பேறுக்காகக் கருங்கல்லில் தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நான் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளை உறங்கிக்கொண்டிருந்ததால் பேச ஒன்றும் இல்லாமல், ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"மைனி, ஒங்க சோலிதான் என்ன? எண்ணெக் கெணறு கம்பெனின்னு அண்ணன் சொல்லுதான். நீங்க தோண்டுததும் இல்ல, எண்ணெ எடுக்குததும் இல்ல. பின்ன என்னதான் செய்யுதிய?"

மைனி பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் நடக்காம பாத்துக்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்தார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஆனால் படித்த எல்லாக் கதைகளிலும் ஏதாவது நடந்தது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற ஒருத்தியைப் பற்றி எப்படி எழுதுவது? அவள் வேலையைச் சரியாகச் செய்தால் கதை இல்லை. கதை வேண்டுமென்றால் அவள் தப்புச் செய்ய வேண்டும்.

தப்பும் இருந்தது. அதை மைனியே சொன்னார். ஒருமுறை சொன்னது எனக்குப் புரியாமல் போக, இன்னொரு முறை சொன்னார். பத்தாம் வகுப்போடு நிறுத்திய உனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கவில்லை. இந்தக் கதையில் உள்ள நன்றிகளில் இது முதலாவது.*

* கதைக்குள் மைனியை 'பிரீனா' என்றும் 'அவள்' என்றும்தான் எழுதப்போகிறேன். நேரில் அப்படிச் சொன்னால் நாக்கு கூசும். தாளில் கூசவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்:

"கொந்தளிக்கும் கடலின் நடுவே, மின்னல் வெளிச்சத்தில் அந்த இரும்புக் கோபுரம் ஒரு—"

விட்டுவிட்டேன். எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையை, ரிக்கை, நான் பார்த்ததில்லை. அண்ணனுக்கும் ரிக்கில்தான் வேலை, ஆனால் அவன் அனுப்பிய படத்தில் சாப்பாட்டு அறைக்கு முன்னால் பிரியாணித் தட்டோடு நிற்கிறான். பின்னால் ஒரு சுவர். அதோடு, மைனியின் கதை நடந்த அன்றைக்குக் கடல் குளம்போலக் கிடந்ததாம்.

இரண்டாம் தொடக்கம்:

"பூமிக்கு அடியில், பல கோடி ஆண்டுகளாக, ஒரு மிருகம் உறங்கிக்—"

இதை மைனியிடம் வாசித்துக் காட்டினேன். "மிருகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றார். "தண்ணி. உப்புத்தண்ணி. கொஞ்சம் கேஸ் கலந்திருக்கும். அவ்வளவுதான்."

மூன்றாவதாக, புரிந்ததைப் புரிந்தபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கடலுக்கு அடியில் களிமண் படிகிறது. அதன்மேல் இன்னும் களி, மணல், மறுபடியும் களி. பாரம் ஏற ஏற, அடியில் கிடக்கும் களியிலிருந்து தண்ணீர் பிழிந்து வெளியேறி, களி இறுகிப் பாறையாகிறது. சில இடங்களில் தண்ணீர் வெளியேற வழி இருக்காது. அப்போது மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தண்ணீரே சுமக்கிறது. கிணறு தோண்டும்போது அந்த அழுத்தம் எங்கே, எவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.

தேங்காய்த் துருவலைத் துணியில் கட்டிப் பிழிவதைப் போல என்று எழுதினேன். பால் வெளியே வராமல் துணியின் கண்கள் அடைத்துக்கொண்டால் கையை எதிர்த்துத் தள்ளும் அல்லவா? எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாத்துக்கும் தேங்காதானாட்டி ஒனக்கு?" என்றார் மைனி.

சரி, பேருந்து. காலையில் கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறுகிறார்கள். பின்வாசல் திறந்தால் சிலர் இறங்கிவிடுவார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பின்வாசல் அடைத்துக்கொண்டால் ஏறுகிறவர்களின் பாரமெல்லாம் உள்ளே இருப்பவர்களின் விலாவில்தான் விழும். அந்த நேரத்தில் யாராவது வெளியிலிருந்து கதவைத் திறந்தால் என்ன ஆகும்?

"கொள்ளாம்," என்றார் மைனி. "அந்தக் கதவத் திறக்குதது நாங்கதான். அது எங்க இருக்குன்னு தெரியாமத் திறக்கப்படாது."

பேருந்து நிற்கட்டும். கதைக்குப் போகிறேன்.

3

ஆனி மாதத்து மழை. மதியம். பிரீனா தன் அம்மாவின் தையல் மெஷினை மூடி, அந்த மூடியின்மேல் மடிக்கணினியை வைத்திருந்தாள். வீட்டில் அந்த ஜன்னலோரத்தில்தான் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும். விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று மும்பையில் இருக்கும் மேலாளரிடம் கேட்டிருந்தாள். சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, "இந்தக் கிணறு முடியட்டும், உன்னால் முடிகிறதா என்று பார்ப்போம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

திரையில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கிழக்குக் கடலில் ஒரு ரிக். அது தோண்டும் கிணற்றின் அடியில், துளைக்கும் பல்லுக்குச் சற்று மேலே ஒரு கருவி. அது பாறைக்குள் ஒலியை அனுப்பி, அந்த ஒலி எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று அளந்து மேலே சொல்லும். இறுகிய பாறையில் ஒலி ஓடும். தண்ணீர் தங்கிய பாறையில் தாமதிக்கும். ஒவ்வொரு அளவும் திரையில் ஒரு புள்ளி.

புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. களி ஒழுங்காகத் தண்ணீரை விட்டு இறுகிக்கொண்டே போயிருந்தால் எந்த ஆழத்தில் ஒலி எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் கோடு அது. புள்ளிகள் அதன்மேல் அமர்ந்தால் பயமில்லை. தாமதத்தின் பக்கம், அதாவது வலப்பக்கம் விலகினால், கீழே அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துத்தான் அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். அதை வைத்துத்தான் கிணற்றுக்குள் ஊற்றும் சேற்றின் கனத்தையும் தீர்மானிப்பார்கள். அந்தச் சேறுதான் அழுத்தத்தை மேலே வரவிடாமல் உட்கார்ந்திருக்கும் பாரம்.

கோட்டை வரைந்தவள் பிரீனா. ஏழாம் மாதத்தில், விடுப்பில் போவதற்கு முன்னால், பக்கத்தில் எப்போதோ தோண்டிய ஒரு கிணற்றின் பதிவை வைத்து வரைந்தது.

காலை ஷிப்டில் இதே திரையைப் பார்த்த, உடன் வேலை செய்யும் அனில்குமார் சென்னையிலிருந்து எழுதியிருந்தான்: "கீழே போகப் போகப் புள்ளிகள் உங்கள் கோட்டில் அழகாக அமர்கின்றன. வாழ்த்துகள்."

பிரீனா கீழே பார்த்தாள். அமர்ந்துதான் இருந்தன. மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பிறகு சும்மா, ஒரு வேலையும் இல்லாமல், திரையை மேலே தள்ளிப் போன வாரத்துப் புள்ளிகளைப் பார்த்தாள்.

மேலே இருந்தவை எல்லாம் கோட்டுக்கு இடப்பக்கம் நின்றன. ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை.

நேற்றும் அவள் அதைப் பார்த்திருந்தாள். இடப்பக்கம் என்றால் ஒலி விரைவாகப் போகிறது, பாறை நன்றாக இறுகியிருக்கிறது, பயமில்லை. அப்படித்தான் அவளும் நினைத்தாள், எல்லோரும் நினைத்தார்கள். பயமில்லாத பக்கம் நிற்கும் புள்ளியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

இப்போது பார்த்தாள். மேலே உள்ள நல்ல களி எல்லாம் கோட்டை விட்டு விலகி நிற்கிறது. கீழே உள்ளது மட்டும் சரியாக வந்து சேர்கிறது. அப்படியென்றால் கீழே உள்ளது கோட்டுக்கு வரவில்லை. தன் வழியை விட்டு வலப்பக்கம் நகர்ந்து, தற்செயலாகத் தப்பான கோட்டின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.



பக்கத்துக் கிணற்றின் பதிவைத் தேடி எடுத்தாள். அந்தக் கிணற்றின் மேல்பகுதியில் துளையின் அகலத்தைச் சொல்லும் பத்தி எண்களே இல்லாமல் வெறுமையாக இருந்தது. வரையும்போதும் அது வெறுமையாகத்தான் இருந்திருக்கும். துளையின் சுவர் இடிந்து அகன்றிருந்தால் ஒலி அங்கே நிறைந்த சேற்றின் வழியாகப் போய்த் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தைப் பாறையின் தாமதம் என்று எடுத்து, கோட்டை முழுக்க வலப்பக்கம் தள்ளி வரைந்திருக்கிறாள்.

"என்னட்டி, மொகம் செத்துக் கெடக்கு?" ஜெபகனி, பிரீனாவின் அம்மா, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தாள்.

"கோடு தப்பா இருக்குமோன்னு தோணுது."

"யாரு போட்ட கோடு?"

"நான் போட்டதுதான்."

"பின்ன நீயே மாத்திப் போடு. இதுக்குப் போயி என்ன வெப்ராளம்?"

"மாத்துனா கெணற நிறுத்தணும்மா. கடல்ல, அத்தன பேரு வேல செய்யுத கெணறு."

ஜெபகனி திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "பிள்ள ராத்திரி ஒன்ன ஒறங்க விடல்ல. ஒறக்கமில்லாத கண்ணு எல்லாத்தையும் கோணலாத்தான் காட்டும். ரெண்டு துண்டு கெழங்கு தின்னுட்டுப் பாரு."

பிரீனா தின்றாள். தின்றுவிட்டு, இந்தக் கிணற்றின் மேல்புள்ளிகளை மட்டும் வைத்துப் புதிய கோடு ஒன்றைப் போட்டாள். பழைய கோட்டுக்கு இடப்பக்கம் அது தனியாக இறங்கியது. கீழே வர வர, புள்ளிகள் அதைவிட்டு விலகி விலகிப் போயின.

கோணல் கண்ணில் இல்லை.

4

[இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: "பிரீனா ஒரு கணமும் தயங்கவில்லை. தொலைபேசியை எடுத்தாள்."]

மைனி அதை அடித்துவிட்டார். "தயங்கினேன்னு எழுது. ரொம்ப நேரம் தயங்கினேன்."

"கதையில அப்படி வந்தா ஒங்கள ஒரு மாதிரி நெனைப்பாவ மைனி."

"நெனைக்கட்டும். நான் அப்பம் அனில்குமாருக்கு மறுபடி வருத முறை வரைக்கும் சும்மா இருந்திரலாமான்னு நெனச்சேன். அவன் கண்டுபிடிக்கட்டும்னு. அதயும் எழுது."

எழுதிவிட்டேன்.

தயங்கியதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். சேற்றைக் கனமாக்குவது எப்போதும் நல்லதுதானே, முன்னாலேயே கூட்டி வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அப்படியில்லையாம். ரொம்பக் கனமானால் மேலே உள்ள பாறை அந்தப் பாரத்தில் பிளந்து, சேறெல்லாம் அதற்குள் ஓடிவிடும். பிறகு அழுத்தத்தைத் தாங்க ஒன்றும் இருக்காது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நடுவே உள்ள இடம் கொஞ்சம்தான்.

இன்னொன்றும் இருந்தது. கீழே உள்ள களி வேறு வகைக் களியாக இருந்தால் ஒலி தாமதிப்பது இயல்பு. அழுத்தம் ஒன்றும் இருக்காது. புதிய கோடு சரியா, பழைய கோடு சரியா என்று அடித்துச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. களிக்குக் கீழே, இன்னும் கொஞ்ச ஆழத்தில், மணற்பாறை வரும் என்பது மட்டும் தெரியும். களி தன் தண்ணீரைச் சட்டென்று விடாது. மணல் விட்டுவிடும். மணல் வரும்வரை ஒன்றும் தெரியாது. வந்தபின் தெரிந்து பயனில்லை.

அவளுடைய தப்பை அவள் சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சொன்னால், வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளருக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு வரைவில் நான் இதைப் பெரிதாக்க, என் அண்ணனை அந்த ரிக்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். கோட்டை வரைந்தவள் மனைவி, கோட்டுக்கு மேலே நிற்பவன் கணவன். இரண்டு பக்கம் ஓடியது, நானே அழுதேன். பிறகு கிழித்துப்போட்டேன். அது பொய்.

அண்ணன் வேறொரு ரிக்கில் இருக்கிறான். வேறொரு நாட்டில், பாலைவனத்தில். அதற்கும் யாரோ ஒருவர் கோடு போட்டிருப்பார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன் ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, "வந்தாச்சு, மீன்கறி வைக்கச் சொல்லு" என்று கூப்பிடுகிறான். நாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம். அந்த ஆளுக்கு ஒருமுறையும் சொன்னதில்லை.

இதை எழுதியபோதுதான் அது எனக்கு உறைத்தது. மைனிக்கு முன்பே தெரிந்திருந்தது. "நான் ரிக்கக் கூப்பிட்டதுக்கு அதான் காரணம்," என்றார். "அங்க நிக்குதவங்களுக்கும் வீட்ல மீன்கறி வைக்க ஆளு இருக்கும்லா."

5

பிரீனா முதலில் ரிக்கைக் கூப்பிட்டாள். சேற்றின் கனத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ரிஜ்வான். சில நாள்களாக இருவரும் ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லிக்கொள்வதோடு சரி. அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது வீட்டில் மின்சாரம் போனது. இணையமும் போனது.

"சவம், இப்பமா போகணும்," என்றாள், தன்னை மறந்து.

கைபேசியில் ரிஜ்வானின் குரல் மாறியது. "மேடம், நீங்க எந்த ஊரு?"

"கருங்கல்."

"அட, நான் தேங்காப்பட்டணம் மேடம். இத்தன நாளா ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டுக் கெடந்திருக்கோம்."

"ரிஜ்வான், நான் சொல்லுதது வெளங்குதா? கோடு தப்பு. என் தப்பு. கீழ அழுத்தம் இருக்கலாம்."

"எவ்வளவு நிச்சயம்?"

"பாதி."

"பாதின்னா?"

"பாதின்னா பாதிதான். மீதிப் பாதிக்கு ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."

அவன் உதட்டைச் சப்புவது கேட்டது. "பாதின்னு சொல்லி ஒரு ரிக்க நிறுத்தச் சொல்லுத ஆள இப்பந்தான் பாக்குதேன். சரி. இருங்க."

கைபேசியின் இணையத்தில் மடிக்கணினியைக் கோர்த்து, மேலாளரையும் இழுத்து, மூவரும் பேசினார்கள். மேலாளர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். பழைய கோட்டை யார் அனுமதித்தது என்று கேட்டார். அவர்தான் அனுமதித்திருந்தார். அதை யாரும் சொல்லவில்லை. துளைப்பதை நிறுத்தி, சேற்றை ஓட்டும் பம்புகளையும் நிறுத்தி, கிணறு தானாக ஏதாவது வெளியே தள்ளுகிறதா என்று பார்க்கச் சொன்னார். உள்ளே அழுத்தம் கூடியிருந்தால், பம்பு நின்ற பிறகும் சேறு மேலே வழிந்து வரும்.

நிறுத்தினார்கள்.

பிரீனாவால் பார்க்க ஒன்றுமில்லை. ரிஜ்வான் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, சேறு திரும்பி வரும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்றான். அவனோடு இன்னும் சிலர் நிற்பது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது.

தொட்டிலில் பிள்ளை விழித்து அழுதது. ஜெபகனி ஓடிவந்து எடுத்தாள். அழுகை நிற்கவில்லை.

"பிள்ளையா மேடம்?"

"ம்."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. ஏதாவது வருதா ரிஜ்வான்?"

"ஒண்ணும் வரல்ல. அப்படியே நிக்குது." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளைக்க அழுக இங்க எல்லாருக்கும் கேக்குது. பம்பு ஓடும்போ நான் பேசுதது எனக்கே கேக்காது. இப்பம் சத்தமே இல்ல."

"அம்மா, பிள்ளய அந்தால கொண்டு போங்க."

"வேண்டாம், இருக்கட்டும்," என்றான் ரிஜ்வான். "இங்க ஒருத்தன் சிரிக்குதான். அவனுக்கும் போன மாசம் பொறந்திருக்கு. இன்னும் பாக்கல்லயாம்."

கடலில் ஒரு இரும்பு மேடையில் மனிதர்கள் நின்று, ஓடாத சேற்றைப் பார்த்துக்கொண்டு, கருங்கல்லில் ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிணறு ஒன்றும் தள்ளவில்லை.*

* இங்கே ஏதாவது நடக்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு துளி சேறாவது வழிந்திருக்கலாம். மைனியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஒரு துளிகூட இல்ல," என்றார்.

6

"சரி," என்றார் மேலாளர். "தள்ளவில்லை. தொடரலாமா?"

தப்பிக்க நல்ல வழி திறந்திருந்தது. சொன்னாள், பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. யார் மேலும் குற்றமில்லை.

பிரீனா சொன்னாள்: "களி தள்ளாது. அது விடாது. மணல்தான் விடும். இப்போது தள்ளவில்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகாது. மணலுக்குப் போகும் முன் கனத்தைக் கூட்டுங்கள். மேலே உள்ள பாறை தாங்கும் அளவுக்குள்தான் சொல்கிறேன்."

"பாதி நிச்சயத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தச் சொல்கிறாய்."

"ஆமாம்."

"எழுதி அனுப்பு," என்றார் மேலாளர். "கோடு யாருடையது என்பதையும் எழுது."

அனுப்பினாள். கனத்தைக் கூட்டினார்கள். பிறகு மணலுக்குள் இறங்கினார்கள்.

முடிவு அ: மணலுக்குள் பல் நுழைந்ததும் அழுத்தமானி துள்ளுகிறது. புதிய கனம் தாங்குகிறது. பழைய கனமாக இருந்திருந்தால் என்று நினைத்து எல்லோரும் வெலவெலத்துப்போகிறார்கள். மேலாளரின் குரல் கம்முகிறது. பிரீனாவுக்குப் பாராட்டுக் கடிதம்.

முடிவு ஆ: மணலில் ஒன்றுமில்லை. ஒரு நாள் வீண். மேலாளர் பிரீனாவிடம், பிள்ளை வளரும்வரை ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்று மென்மையாகச் சொல்கிறார். ஜெபகனி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒறக்கமில்லாத கண்ணுன்னு" என்கிறாள்.

நடந்தது: மணலுக்குள் போனார்கள். ஒன்றும் துள்ளவில்லை. மணலைக் கடந்தார்கள். குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமென்ட் ஊற்றி அந்தப் பகுதியை மூடினார்கள். வேலை முறை மாறியது. சாப்பாட்டு மணி அடித்தது.

அடைத்து வைத்ததால் துள்ளவில்லையா, துள்ள ஒன்றும் இல்லாததால் துள்ளவில்லையா? மேலே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்த கிணற்றுக்குக் கோடு போடும் வேலை அனில்குமாருக்குப் போனது. அவன் போட்டதைப் பிரீனா சரிபார்க்க வேண்டும். இதை "அவமானம்" என்று எழுதியிருந்தேன். மைனி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார்: "ரெண்டு பேரு பாக்கட்டும். நல்லதுதான். மொதல்லயே அப்படி இருந்திருந்தா அந்த வெறும் பத்தி யாரு கண்ணுலயாவது பட்டிருக்கும்."

7

ரிஜ்வான் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, மனைவி ஜுஹைனாவோடு கருங்கல்லுக்கு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஜுஹைனா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் கொரல்தானா?" என்று கணவனைக் கேட்டார். "வந்த நாளு மொதல் இதத்தான் சொல்லிட்டிருக்காரு. கடலுக்குள்ள பிள்ள அழுதுச்சுன்னு. எனக்க பிள்ள அழுதா எந்திச்சுப் பாக்க மாட்டாரு."

ரிஜ்வான் காதில் விழாதவர்போல டீயை உறிஞ்சினார். மைனியைத் திரையிலும் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அதனால் பேசும்போது மைனியைப் பார்க்காமல் டீயைப் பார்த்தே பேசினார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கனம் கூட்டணும்னா பரைட் பொடி கலக்கணுமில்லியா. அன்னைக்குன்னு பாத்து, மொத்தமாக் கொட்டுத பைப்பு அடச்சுக்கிட்டு. மூடை மூடையாச் சொமந்துதான் போட்டோம். அந்த வெயில்ல. நானும் சொமந்தேன். பயலுவ ஒங்கள ஏசாத ஏச்சு இல்ல. வீட்ல இருந்து ஒரு கோடு வரைஞ்சிட்டா, நம்ம நடுமுதுகு ஒடியுதுன்னு."

ஜெபகனிக்கு முகம் சுண்டியது. "எம் மவளயா ஏசுனானுவ?"

"கெட்ட வார்த்தையாவே ஏசுனானுவ அம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

மைனி சிரித்தார். பிள்ளை பெற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏசட்டும் ரிஜ்வான். ஏசுததுக்கு எல்லாரும் முழுசா இருக்காவல்லா."

ரிஜ்வான் டீயிலிருந்து நிமிர்ந்து அப்போதுதான் மைனியைப் பார்த்தார். கப்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு டீ கிடைக்குமா அம்மா?" என்று ஜெபகனியிடம் கேட்டார்.

இரண்டாவது டீ வேண்டியதால் கேட்டதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றி சொல்ல வந்தவர், எதற்கு என்று சொல்லத் தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். நானும் இந்தக் கதையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

8

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று நான் எழுதியது அன்றைக்கு மட்டும்தான் உண்மை. மணலைக் கடந்து, குழாயை இறக்கி மூடும் முன், ஒரு கருவியை இறக்கி, மணலின் அழுத்தத்தை நேராகவே அளந்திருக்கிறார்கள். அங்கே கணக்கும் இல்லை, கோடும் இல்லை. வெறும் அளவு. அந்த எண் வந்துவிட்டது. மேலாளருக்குத் தெரியும், அனில்குமாருக்குத் தெரியும், மைனிக்குத் தெரியும்.

"சொல்லட்டா?" என்று மைனி கேட்டார். "கதைக்கு முடிவு வேணும்லா."

நான் பிள்ளையை வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தேன். எண் பழைய சேறு தாங்குவதற்கு மேலே இருந்தால், மைனி அத்தனை பேரைக் காப்பாற்றியவர். கதை நன்றாக முடியும், ஆனால் அது அந்த எண்ணின் கதையாகிவிடும். கீழே இருந்தால், ஒன்றுமில்லாததற்கு ஒரு நாள் மூடை சுமக்க வைத்தவர். அப்போது நான் இதுவரை எழுதிய நன்றியை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா? தையல் மெஷின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பாதிதான் தெரியும் என்று சொல்லி, தப்பு என்னுடையது என்றும் சொன்ன அந்த மதியத்தில் அவருக்கு எண் தெரியாது. அந்த மதியத்துக்குத்தான் நான் நன்றி சொல்ல வந்தேன்.

"வேண்டாம் மைனி," என்றேன்.

மைனி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ கதை எழுதுதவதானா? முடிவு வேண்டாம்ங்க?" என்றார். பிறகு, "சரி, போ," என்று சொல்லி, பிள்ளையை வாங்கிக்கொண்டு பால் கொடுக்கப் போனார்.

படிக்கிற உங்களுக்கு என்னைப் போன்ற பிடிவாதம் இருக்க வேண்டியதில்லை. எண் இல்லாமல் மனசு ஆறாது என்றால் நீங்களே ஒன்றை இட்டுக்கொள்ளுங்கள். மேலேயோ கீழேயோ, உங்களுக்குப் பிடித்ததை. இடம் விட்டிருக்கிறேன்:

. . . . . . . . . . . .

எதை இட்டாலும், அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது தட்டோடு வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் குறையப் போவதில்லை.